மார்பின் மீது ஒரு விண்மீன்

கல்லூரி வாசலிலோ பேருந்து நிலையத்திலோ நீங்கள் இந்தச் சட்டையைப் பார்த்திருக்கக் கூடும். கறுப்பு நிற டி-ஷர்ட். அதன் மார்புப் பகுதியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ நேராகச் செல்கிறது. நடுவில் மட்டும் கூரிய முகடுகளாக எழுந்து தாழ்கிறது. எழுத்து ஒன்றும் இல்லை. சிலருக்கு இது மலைத்தொடராகத் தோன்றும். சிலருக்குக் கடலலையாகத் தோன்றும். மருத்துவமனையில் எடுத்த இதயத் துடிப்புப் படம் என்று எண்ணுவோரும் உண்டு.

அணிந்திருப்பவரிடமே கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஓர் இசைக்குழுவின் சின்னம்" என்பார். அல்லது, "கடையில் பார்த்தேன், அழகாக இருந்தது, வாங்கினேன்" என்பார். இரண்டும் பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. அவர் மார்பில் சுமந்து கொண்டிருப்பது ஒரு விண்மீனின் கையொப்பம். நெடுந்தொலைவிலுள்ள ஒரு விண்மீனிலிருந்து, சுமார் 107 வினாடி நேரத்தில் பூமிக்கு வந்து சேர்ந்த ரேடியோ அலைகளின் வரைபடம் அது. வானியல் ஆய்வேடு ஒன்றிலிருந்து அது பனியன் துணிக்கு வந்து சேர்ந்தது எப்படி? இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

உள்ளாடை வெளியே வந்தது

டி-ஷர்ட் முதலில் வெளியே அணியும் உடையன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்கு உள்ளே அணிந்த பருத்திப் பனியன் அது. கைகளை விரித்து வைத்தால் 'டி' என்னும் ஆங்கில எழுத்தைப் போல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அது வெளியுலகுக்கு வந்தது. 1942 ஜூலையில் வெளியான 'லைஃப்' இதழின் அட்டையில், விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் முத்திரை அச்சிட்ட டி-ஷர்ட் அணிந்த வீரர் ஒருவர் காட்சியளித்தார். 1948இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட தாமஸ் டியூவியின் ஆதரவாளர்கள் அவர் பெயரைச் சட்டையில் அச்சிட்டுக் கொண்டனர். டியூவி தோற்றார், ஆனால் சட்டையில் கருத்தை எழுதும் வழக்கம் வென்றது. 1984இல் கேதரின் ஹேம்னெட் என்னும் ஆடை வடிவமைப்பாளர், ஏவுகணை எதிர்ப்பு வாசகத்தைப் பெரிய எழுத்தில் தாங்கிய சட்டையோடு பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் விருந்துக்கே சென்று கைகுலுக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாசகம் தாங்கிய சட்டை, சொல்ல வேண்டியதைத் தானே சொல்லி முடித்துவிடுகிறது. படம் மட்டும் தாங்கிய சட்டையோ, பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறது. "இது என்ன?" என்று ஒருவர் கேட்டால்தான் அதன் பேச்சு தொடங்குகிறது. நம் வெள்ளைக் கோட்டுச் சட்டை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

காகிதத்தில் ஒரு கிறுக்கல்

1967ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோசலின் பெல் என்னும் 24 வயது ஆராய்ச்சி மாணவி ஒரு ரேடியோ தொலைநோக்கியை இயக்கி வந்தார். தொலைநோக்கி என்றவுடன் கண்ணாடி வில்லையையோ பெரிய கிண்ணத்தையோ கற்பனை செய்ய வேண்டாம். நாலரை ஏக்கர் வயல்வெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கம்பங்களை நட்டு, அவற்றினிடையே கம்பிகளைக் கட்டியிருந்தார்கள், அதுதான் தொலைநோக்கி. அதனைத் திட்டமிட்டவர் பேராசிரியர் அந்தோணி ஹியூவிஷ். கட்டி எழுப்ப இரண்டு ஆண்டுகள் ஆயின. கம்பம் நடுவதற்குச் சம்மட்டி பிடித்தவர்களுள் ஜோசலின் பெல்லும் ஒருவர்.

அக்கருவி தன் பதிவுகளைக் காகிதச் சுருளில் பேனாக் கோடாக வரைந்து தள்ளியது. நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் காகிதம்! வானத்தை ஒருமுறை முழுதும் பார்த்து முடிக்க 4 நாட்கள், 120 மீட்டர் காகிதம். இவற்றைக் கண்ணால் பார்த்து, எது விண்பொருளின் குறி, எது பூமியிலுள்ள இயந்திரங்களின் குறுக்கீடு என்று பிரித்தெடுப்பது ஜோசலின் பெல்லின் வேலை. ஆகஸ்டு மாதப் பதிவு ஒன்றில் அவர் ஒரு சிறு கிறுக்கலைக் கண்டார். 120 மீட்டர் காகிதத்தில் அது பிடித்திருந்த இடம் அரை செண்டிமீட்டர். விண்பொருளின் குறியைப் போலவும் இல்லை. குறுக்கீட்டைப் போலவும் இல்லை. வேறொருவராயின் புறக்கணித்திருப்பார். "இதனை முன்பும் எங்கோ பார்த்தோமே" என்று அவர் நினைவுக்கு வந்தது. பழைய சுருள்களை எடுத்துப் பார்த்தார். வானத்தின் அதே பகுதியிலிருந்து அதே கிறுக்கல் வந்திருந்தது.

அது விண்ணிலிருந்து வருவதுதான் என்று எப்படித் தெரிந்தது? கடிகாரம்தான் காட்டிக் கொடுத்தது. சூரியனை வைத்துக் கணக்கிடும் நமது நாள் 24 மணி. ஆனால் விண்மீன்களோ முதல்நாள் உச்சியைக் கடந்த நேரத்துக்கு 4 நிமிடம் முன்னதாகவே மறுநாள் உச்சியைக் கடக்கின்றன. தொழிற்சாலை இயந்திரமோ மோட்டார் வண்டியோ நம் கடிகாரத்தைப் பின்பற்றும். இந்தக் கிறுக்கலோ நாள்தோறும் 4 நிமிடம் முந்தி வந்து, விண்மீன்களின் கடிகாரத்தைப் பின்பற்றியது.

பச்சை மனிதர்களா?

விரைவாக ஓடும் காகிதத்தில் அதனைப் பதிவு செய்ய முனைந்தார் ஜோசலின் பெல். பல வாரங்கள் ஒன்றும் கிடைக்கவில்லை. நவம்பர் 28ஆம் நாள் கிறுக்கல் விரிந்து தன் உருவைக் காட்டியது. சீரான இடைவெளி விட்டுத் துடிப்புகள்! ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே சுமார் 1.34 வினாடி. கடிகாரம் தோற்கும் ஒழுங்கு.

இத்தகைய ஒழுங்கை இயற்கையில் எவரும் அதுவரை கண்டதில்லை. மனிதர் செய்த கருவியாக இருக்கலாமோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. வேறொரு தொலைநோக்கியும் அதே துடிப்பைப் பதிவு செய்ததால் கருவிக் கோளாறு என்ற எண்ணம் நீங்கியது. அப்படியாயின், வேற்றுலகத்தார் அனுப்பும் செய்தியோ? வேடிக்கையாகச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று அந்தத் துடிப்புக்குப் பெயரே வைத்தார்கள். ஆனால் வேற்றுலகத்தார் ஒரு கோளில் வாழ்வார்களாயின், அக்கோள் தன் சூரியனைச் சுற்றும்போது நம்மை நெருங்கியும் விலகியும் செல்ல வேண்டும். அதனால் துடிப்பின் இடைவெளி சிறிது குறைந்தும் கூடியும் மாற வேண்டும். அளந்து பார்த்தார்கள், பூமி சூரியனைச் சுற்றி வருவதால் உண்டாகும் மாற்றத்தைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. டிசம்பர் 21ஆம் நாள் வானத்தின் வேறொரு மூலையில், சுமார் 1.2 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் இரண்டாவது பொருளையும் ஜோசலின் பெல் கண்டுபிடித்தார். இருவேறு மூலைகளில் இருவேறு உலகத்தார் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் நம்மை அழைப்பார்களா? ஆகவே இது இயற்கைதான் என்பது உறுதியாயிற்று. 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் செய்தி வெளிவந்தது. இவ்வகை விண்மீன்களுக்குப் 'பல்சார்', அதாவது துடிக்கும் விண்மீன், என்ற பெயர் நிலைத்தது.

சுழலும் கலங்கரை விளக்கம்

பெயர் துடிக்கும் விண்மீன் என்றாலும் உண்மையில் அது துடிப்பதில்லை; சுழல்கிறது. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்ததும் வெடித்துச் சிதறுகிறது. அதன் உள்ளகம் மட்டும் தன் எடையாலேயே நசுங்கி, பெரும்பாலும் நியூட்ரான்களால் ஆன உருண்டையாக எஞ்சுகிறது. சூரியனைவிட அதிகமான பொருள், சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிவிடுகிறது! சென்னை நகரத்துக்குள் வைத்துவிடலாம் எனலாம். அப்பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் எடை நூறு கோடி டன்னுக்கும் மேலாகும்.

சுழன்றாடும் நடன மங்கை விரித்த கைகளை மடக்கினால் மேலும் விரைவாகச் சுழல்வாள் அன்றோ? அதுபோலச் சுருங்கிய விண்மீனும் வேகமாகச் சுழல்கிறது. அதன் காந்த முனைகளிலிருந்து ரேடியோ அலைகள் கற்றையாகப் பாய்கின்றன. கலங்கரை விளக்கின் ஒளி சுழன்று வந்து நம் கண்ணில் படும்போது மட்டும் பளிச்சிடுவதைப் போல, அந்தக் கற்றை பூமியின் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. இவ்விளக்கத்தை 1968இல் முன்வைத்தவர் தாமஸ் கோல்டு. ஜோசலின் பெல் முதலில் கண்ட விண்மீன், வல்பெகுலா எனப்படும் சிறுநரி விண்மீன் கூட்டத்தில் உள்ளது. கேம்பிரிட்ஜில் கண்டதாலும், வானப் படத்தில் 19 மணி 19 நிமிடக் கோட்டில் இருந்ததாலும் அதற்குச் சி.பி. 1919 எனப் பெயரிட்டனர்.

எண்பது கோடுகள்

இனி நம் சட்டைக்கு வருவோம். கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோத் தீவின் அரெசிபோவில், 305 மீட்டர் குறுக்களவுள்ள மாபெரும் ரேடியோ தொலைநோக்கி 1963 முதல் இயங்கி வந்தது. 2020 டிசம்பரில் அது இடிந்து விழுந்தது. அங்கே பல்சார்களை ஆராய்ந்தவர் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ஹரால்டு கிராஃப்ட். அவருடைய கேள்வி இது: துடிப்புகள் வரும் நேரம் ஒழுங்காக இருக்கிறது, துடிப்பின் உருவமும் அவ்வாறே ஒழுங்காக இருக்கிறதா?

இதற்கு விடைகாண அவர் கையாண்ட முறைதான் அந்தப் படம். ஒரு சுழற்சியில் துடிப்பு நிகழும் நேரம் மிகச் சிறிது. அந்தச் சிறு பகுதியை மட்டும் விரித்து ஒரு கோடாக வரைய வேண்டும். அடுத்த சுழற்சியை அதற்குச் சற்று மேலே வரைய வேண்டும். இவ்வாறு தொடர்ச்சியாக 80 சுழற்சிகளை அடுக்கினால், ஒவ்வொன்றும் எங்கே ஒத்திருக்கிறது, எங்கே வேறுபடுகிறது என்பது ஒரே பார்வையில் புலப்படும். 80ஐ 1.337ஆல் பெருக்கிப் பாருங்கள். 107 வினாடி வரும். ஒரு நிமிடமும் 47 வினாடியும் நீடித்த விண்மீனின் பேச்சு அது.

கோடுகளை நெருக்கமாக அடுக்கியபோது ஒன்றன் முகடு மற்றொன்றின்மேல் ஏறிக் குழப்பம் விளைந்தது. எனவே, முன்னேயுள்ள குன்று பின்னேயுள்ள குன்றை மறைப்பது போல, மறைய வேண்டிய பகுதிகளை நீக்கி வரையும்படி கிராஃப்ட் கணிப்பொறிக்கு ஆணை எழுதினார். படம் மலைத்தொடர்போல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. கணிப்பொறி வரைந்ததைப் பல்கலைக்கழகத்துப் பெண் வரைவாளர் ஒருவர் இந்தியா மையால் தெளிவாகப் பிரதி எடுத்தார். 1970இல் கிராஃப்டின் ஆய்வேட்டில் அது இடம்பெற்றது.

அந்தப் படம் சொல்லும் பாடம் என்ன? எந்த இரண்டு கோடுகளும் ஒன்றுபோல் இல்லை. ஒரு துடிப்பில் இரண்டு முகடு, அடுத்ததில் மூன்று, மற்றொன்றில் ஒன்றுமே எழாமல் தாழ்ந்து கிடக்கிறது. ஆயினும் எல்லா மேடுகளும் அதே குறுகிய நடுப்பகுதிக்குள்தான் நிகழ்கின்றன. ஓரங்கள் அமைதியாக இருக்கின்றன. நேரத்தில் ஒழுங்கு, உருவத்தில் மாற்றம். ஒலி அலையின் படமன்று இது. விண்மீன் மடியும்போது எழுப்பிய ஓலமும் அன்று. சுழலும் கற்றையின் வலிமை ஏறி இறங்குவதன் வரைபடம்.

ஆய்வேட்டிலிருந்து இசைத்தட்டுக்கு

1971 ஜனவரியில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழிலும், 1977இல் 'கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியம்' என்னும் நூலிலும் இப்படம் வெளிவந்தது. மான்செஸ்டர் நகரில் ஜாய் டிவிஷன் என்னும் இளைஞர் இசைக்குழு தன் முதல் முழுநீள இசைத்தட்டுக்கு உறை தேடிக் கொண்டிருந்தது. குழுவினர் கலைக்களஞ்சியத்தில் இப்படத்தைக் கண்டு, வடிவமைப்பாளர் பீட்டர் சாவிலிடம் கொடுத்தனர். மூலப்படத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள் இருந்தன. அவர் அதனைத் தலைகீழாக்கி, கறுப்பின்மேல் வெள்ளைக் கோடுகளாக்கினார். இரவு வானத்துக்கு அதுவே பொருத்தமன்றோ! 1979 ஜூனில் 'அன்னோன் பிளஷர்ஸ்' என்னும் அந்த இசைத்தட்டு வெளியாயிற்று. முன்னுறையில் குழுவின் பெயர் இல்லை. இசைத்தட்டின் பெயரும் இல்லை. படம் மட்டுமே.

அங்கிருந்து அது சட்டைக்குத் தாவியது. குழு 1980இல் முடிவுற்றது, சட்டை முடியவில்லை. அப்பாடல்களை ஒருமுறையும் கேட்டிராதவர்களும் இன்று அதனை அணிகின்றனர். 2012இல் டிஸ்னி நிறுவனம் இக்கோடுகளை மிக்கி மவுஸ் வடிவில் வளைத்து ஒரு சட்டையை வெளியிட்டது. விமரிசனம் எழவே திரும்பப் பெற்றுக் கொண்டது. கிராஃப்டுக்கோ நெடுங்காலம் இதுவொன்றும் தெரியாது. நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, இசைத்தட்டுக் கடைக்குப் போய்த் தம் படத்தைத் தாமே விலைகொடுத்து வாங்கி வந்தார்!

துணியில் படம் நிற்பது எப்படி?

பனியன் துணி நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படுவதால் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. விரிந்து சுருங்கும் துணியின்மேல் வெடிக்காத படம் வேண்டும். அதற்கு ஸ்கிரீன் பிரிண்டிங் முறை பயன்படுகிறது.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணிமேல் ஒளியுணர் பசையைப் பூசி உலர்த்துகிறார்கள். படத்தை ஒளிபுகும் தாளில் கறுப்பாக அச்சிட்டு அதன்மேல் வைத்துப் புற ஊதாக் கதிர் கலந்த ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட பசை இறுகுகிறது. கறுப்புக் கோடுகளின் கீழுள்ள பசை இறுகாமல் தண்ணீரில் கரைந்து ஓடுகிறது. இப்போது வலையில் கோடுகள் மட்டும் திறந்த வழிகள். வலையைச் சட்டைமேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டை பொருத்திய பலகையால் இழுத்தால் மை அவ்வழியே இறங்கித் துணியில் பதிகிறது. இதற்கான ஆரம்பக்காலக் காப்புரிமைகளுள் ஒன்றை 1907இல் பெற்றவர் சாமுவேல் சைமன். ஊர், அதே மான்செஸ்டர்!

மையிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிதும் பயன்படும் பிளாஸ்டிசால் என்னும் மை, பி.வி.சி. பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் ஓர் எண்ணெய்போன்ற நெகிழ்விப்பானில் மிதக்கும் குழம்பு. காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் அது உலராது. சுமார் 160 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் துகள்கள் நெகிழ்விப்பானை உறிஞ்சிப் பருத்து, ஒன்றோடொன்று கலந்து ரப்பர்போன்ற ஏடாகின்றன. சூடு போதாவிட்டால் சில சலவைகளிலேயே படம் வெடித்து உதிரும். கறுப்புத் துணிமேல் வெள்ளை தெரிவது இன்னும் கடினம்; மை மெல்லியதாக இருந்தால் அடியிலுள்ள கறுப்பு எட்டிப் பார்க்கும். ஆகவே ஒளியை நன்கு சிதறடிக்கும் டைட்டானியம் டை ஆக்சைடை மையில் நிறையச் சேர்க்கிறார்கள். ஒருமுறை பதித்து, சூடுகாட்டி, அதன்மேல் மறுமுறையும் பதிப்பதுண்டு. உங்கள் சட்டையின் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள், மேடாக இருக்கும்.

படத்தில் இல்லாத பெயர்கள்

1974இல் பல்சார் கண்டுபிடிப்பில் வகித்த முதன்மைப் பங்குக்காக ஹியூவிஷ் நோபல் பரிசு பெற்றார். ரேடியோ வானியல் முறைகளை வளர்த்த மார்ட்டின் ரைல் அதனைப் பகிர்ந்து கொண்டார். அரை செண்டிமீட்டர் கிறுக்கலைக் கண்டு, விடாமல் துரத்திய ஜோசலின் பெல்லின் பெயர் அதில் இல்லை. வானியலார் பலர் இதனைக் கண்டித்தனர். அவர் மட்டும் கசப்பின்றி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் கொண்ட சிறப்புப் 'பிரேக்துரூ' பரிசு கிடைத்தது. அதில் ஒரு டாலரும் தமக்கென வைத்துக் கொள்ளாமல், இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவினரின் ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகையாக வழங்கிவிட்டார்.

சட்டையிலும் அவர் பெயர் இல்லை. விண்மீனின் பெயர் இல்லை. கிராஃப்டின் பெயர் இல்லை. மைக்கோடு இழுத்த வரைவாளரின் பெயரோ ஏடுகளிலும் காணப்படவில்லை. 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் வரைகலைத் துறையினரான ஜென் கிறிஸ்டியன்சன் 2015இல் தேடிப் போய் கிராஃப்டைக் கண்டு பேசிய பிறகுதான், படத்தின் பிறப்பிடம் பலருக்கும் தெரிய வந்தது. படம் தானே பரவும். பெயர்களை யாராவது சொன்னால்தான் பரவும்.

நீங்களே வரையலாம்

இம்முறையை நீங்களும் செய்து பார்க்கலாம். நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்க விடுங்கள். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மணிக்கொரு முறை வெப்பத்தைக் குறியுங்கள். பள்ளி நண்பர்கள் முறை வைத்துக் கொண்டால் எளிது. காலை 6 மணி வெப்பத்தை அடிக்கோடாகக் கொண்டு, டிகிரிக்கு 3 மில்லிமீட்டர் உயர்த்தி, வரைபடத் தாளின் அடியில் முதல்நாள் கோட்டை வரையுங்கள். மறுநாள் கோட்டை ஒரு செண்டிமீட்டர் மேலே தொடங்குங்கள். கீழ்க்கோட்டின் முகடு உயர்ந்து மேற்கோட்டைத் தாண்டும் இடத்தில் மேற்கோட்டை வரையாமல் விட்டுவிடுங்கள். 20 நாட்களில் உங்கள் ஊரின் மலைத்தொடர் உருவாகிவிடும். மழை பெய்த நாள், வெயில் கொளுத்திய நாள் இரண்டும் தாமே வேறுபட்டுத் தெரியும். விரும்பினால் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கொடுத்துச் சட்டையில் அச்சிட்டுக் கொள்ளுங்கள். "இது என்ன?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை பேருந்தில் அந்தக் கறுப்புச் சட்டையைக் கண்டால், கோடுகளை எண்ணிப் பாருங்கள். 80 இருந்தால் மூலப்படம், குறைந்தால் போலி. பிறகு அணிந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் ஜோசலின் பெல்லின் பெயரையாவது சொல்லிவிடலாம். அதற்கு 107 வினாடி போதும்.